தமிழில் வைத்தியம் கற்பித்த மானிப்பாய் டாக்டர்

1822ஆம் ஆண்டு ஈழத்துத் தமிழ் வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க ஓர் ஆண்டாகும். அவ்வாண்டின் மார்கழி மாதத்தில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்கு இரண்டு மாதங்களின் முன், ஒக்டோபர் 10ஆம் நாளன்று, அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். ஒருவர் சைவத்தின் காவலராய் விளங்கினார். மற்றவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்பும் நோக்கத்துடன் கடல் கடந்து வந்தார். இருவர் சென்ற வழிகளும் எதிரெதிரானவை. ஆயினும் தமிழ் வசன நடை அறிவுத்துறைகளைத் தாங்கவல்லது என்று செயலிலே காட்டியவர்களை எண்ணுமிடத்து, இவ்விருவரையும் அடுத்தடுத்து வைத்தே எண்ண வேண்டியிருக்கிறது. நாவலரின் வரலாற்றை நம் மாணவர் அறிவர். கிறீனின் வரலாறு அத்துணை பரவலாக அறியப்பட்டிலது.

பதினொரு பிள்ளைகளைக் கொண்ட பெருங்குடும்பத்தில் கிறீனும் ஒருவர். அவருக்கு இரண்டாண்டு மூத்தவரான அந்திரு கிறீன் நியூயோர்க்கில் வழக்கறிஞராய் இருந்து, அந்நகரின் மத்திய பூங்கா உருவாவதற்குப் பெரிதும் உழைத்துப் புகழ் பெற்றவர். தமையன் ஒரு மாநகரத்தை அழகுபடுத்தினார். தம்பியோ நியூயோர்க் நகரத்து வைத்தியக் கல்லூரியிலே பயின்று 1845இல் பட்டம் பெற்றபின், பனையும் பசிய தோட்டங்களும் செறிந்த ஒரு சிறு குடாநாட்டைத் தமது தொழிற்களமாகத் தேர்ந்துகொண்டார்.

அவர் புறப்படுவதற்குச் சிறிது முன்னர்தான் வைத்திய உலகில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1846ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகர ஆஸ்பத்திரியொன்றில் ஈதர் ஆவியைக் கொடுத்து நோயாளியை உறங்கச் செய்து, வலியின்றிச் சத்திர சிகிச்சை செய்து காட்டினார்கள். பழைய வைத்தியம் முடிந்து புதிய வைத்தியம் தொடங்குகின்ற அவ்வேளையிலே, இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், 1847இல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

மானிப்பாயில் ஒரு பள்ளி

அமெரிக்க மிஷன் 1816ஆம் ஆண்டு முதலே யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றி வந்தது. பண்டத்தரிப்பில் டாக்டர் ஸ்கடரும், பின்னர் வட்டுக்கோட்டையில் டாக்டர் வார்டும் வைத்தியப் பணி செய்தனர். வார்டின் இடத்துக்கு வந்த கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கித் தமிழ் கற்கத் தொடங்கினார். 1848இல் மானிப்பாய்க்குக் குடிபெயர்ந்து, அங்கே வைத்தியசாலையை நிறுவி, அவ்வாண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கலானார். இலங்கையரசு கொழும்பில் வைத்தியக் கல்லூரியைத் திறந்தது 1870ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு 22 ஆண்டுகள் முன்னரே மானிப்பாயில் வைத்தியக் கல்வி தொடங்கிவிட்டது என்பது நாம் மறத்தற்கரிய செய்தி. யாழ்ப்பாண நகரில் 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் எழுந்த வைத்தியசாலைக்கும் கிறீன் துணை நின்றார்.

மேனாட்டிலிருந்து வந்த ஒரு வைத்தியர் எத்தனை நோயாளரைத்தான் பார்த்துவிட முடியும்? வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் ஊரூராய் உலவிய காலம் அது. ஒருவர் போகாத கிராமத்துக்கு அவருடைய மாணவர் போகலாம். மாணவர் போகாத வீட்டுக்கு ஒரு நூல் போகலாம். இக்கருத்தே கிறீனின் வாழ்நாட் பணிக்கு அடிப்படையாய் அமைந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சகமும் இருந்தது அவருக்கு வாய்ப்பாயிற்று. 1842இல் வெளிவந்து மானிப்பாய் அகராதி என வழங்கப்பட்ட பேரகராதியை அச்சிட்ட ஊரல்லவா அது! 1850களிலேயே கற்றர் என்பார் எழுதிய உடற்கூற்று நூலும், மான்செல் எழுதிய பிரசவ வைத்திய நூலும் தமிழாக்கம் பெற்றன.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தொடக்கத்தில் கிறீனும் தம் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் நன்றாகவே கற்றனர். எனினும் பயன் அவர் எண்ணியபடி விளையவில்லை. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்களை அரசாங்க உத்தியோகமும் பிறவூர்ச் சம்பளமும் இழுத்துக்கொண்டன. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் குடிசைவாசலில் நின்று நோய் கேட்பதற்கென்று பயிற்றப்பட்டவர்கள் குடாநாட்டைக் கடந்து போயினர். மற்றொரு குறையும் இருந்தது. ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழிலே நோயாளிக்கு எடுத்துச் சொல்ல அவர்களுக்குச் சொல் இல்லை. நோயின் காரணம் விளங்காத வீட்டார் மருந்தைக் குடிப்பித்தாலும், கிணற்றையும் முற்றத்தையும் முன்போலவே வைத்திருப்பர். நோய் திரும்ப வரும்.

சில ஆண்டுகள் தாயகத்தில் தங்கி, திருமணம் செய்துகொண்டு, 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த கிறீன் ஒரு முடிவோடு வந்தார். 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பதே அம்முடிவு. இன்று எளிதாய்த் தோன்றும் இம்முடிவு அக்காலத்தில் எத்துணைத் துணிவுடையது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். ஆங்கிலம் கற்றவனுக்கே மதிப்பும் ஊதியமும் இருந்தன. தமிழில் கற்றால் நாட்டு வைத்தியன் என்ற பெயரே மிஞ்சும் என மாணவர் தயங்கியது இயல்பே. அத்தயக்கத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தால் கிறீன் மற்றுமொரு நல்ல வைத்தியராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

தம் மாணாக்கர் நடையுடை பாவனைகளில் ஐரோப்பியரைப் போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஊரவருடைய உடையும் உணவும் வழக்கமும் மாறாமலே புதிய அறிவு அவர்களிடம் சேரவேண்டும் என்று கருதினார். சமயம் பரப்ப வந்தவர் அவர். அந்நோக்கத்தை அவர் மறைக்கவுமில்லை, கைவிடவுமில்லை. ஆயினும் சமயம் மாறுவதற்காக ஒருவன் தன் மொழியையும் ஊரையும் இழக்கவேண்டும் என்னும் எண்ணம் அவரிடத்தில் இருக்கவில்லை. அவர் காலத்தில் இது அரிய பண்பு.

அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருட் பின்வந்தோர் முழுவதும் தமிழிலேயே வைத்தியம் கற்றுத் தேறியவர்கள்.

சொல்லாக்கப் பெரும்பணி

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். நூல் வேண்டுமென்றால் கலைச்சொல் வேண்டும். எலும்பு, நரம்பு, ஈரல் என்றெல்லாம் நம்மிடம் சொற்கள் உண்டு. ஆனால் மேனாட்டு உடற்கூற்று நூல் ஒரே எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனிப்பெயர் கேட்கிறது. இச்சிக்கலைக் கிறீன் ஒழுங்கான முறையில் அணுகினார். முதலில் தமிழ் வழக்கில் உள்ள சொல்லைத் தேடுவது. அது கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்கத் திரித்து எடுத்துக்கொள்வது, அல்லது அதன் பொருளைப் பெயர்த்து அமைப்பது. தனித்தனி அறிஞர் தத்தம் மனம் போனவாறு சொற்படைக்கும் குழப்பத்துக்கு இவ்வொழுங்கு இடம் கொடுக்கவில்லை.

உடற்கூற்று நூலுக்கு அங்காதிபாதம் என்று பெயரிட்டனர். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகைகளைக் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்துச் செவிக்கு அப்பெயர் அந்நியமாய் ஒலித்திராது. உடலின் தொழிலைக் கூறும் நூல் சுகரணம் ஆயிற்று. நலம் பேணும் நூல் உற்பாலனம் எனப்பட்டது. ஆங்கிலப் பெயரை நீக்காமல், ஈற்றிலே மகர மெய்யைச் சேர்த்துத் தமிழ்ச் சட்டை அணிவித்த சொல் கெமிஸ்தம்.

இம்முயற்சியிற் கிறீன் தனித்து நின்றவரல்லர். அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியர்களே மொழிபெயர்த்தனர். சாப்மன், சுவாமிநாதன் முதலியோர் அவருள் குறிப்பிடத்தக்கவர்கள். கிறீன் வரிக்கு வரி ஒப்புநோக்கித் திருத்தினார். ஆகவே மானிப்பாய் மருத்துவத் தமிழ் ஓர் அந்நியர் நமக்கு ஈந்த கொடை மாத்திரமன்று. அந்நியர் ஒருவரின் உறுதியும் ஈழத்தவர் பலரின் உழைப்பும் சேர்ந்து விளைத்த பயிர் அது.

1867இல் இரணவைத்தியம் வெளிவந்தது. 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் பெருநூல்கள் அச்சேறின. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது கிரே என்னும் ஆங்கில அறிஞர் இயற்றிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். கிரேயின் மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டு. அதாவது, உலகின் தலைசிறந்த உடற்கூற்று நூல் எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் நூலாக மாற 14 ஆண்டுகளே சென்றன. தந்தியும் விமானமும் கணினியும் கைக்குள் அடங்கிவிட்ட இக்காலத்தில், எத்தனை மேனாட்டு வைத்திய நூல்கள் 14 ஆண்டுகளுள் தமிழுக்கு வருகின்றன என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

வூஸ்ரரிலிருந்து வந்த தமிழ்

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். பிறர் அத்தோடு ஓய்ந்திருப்பர். அவரோ வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்க்கப்பட்ட தாள்கள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. திருத்தம் பெற்ற தாள்கள் மறுபடி கடல் கடந்து வந்தன. பனி பொழியும் மசச்சூசெற்ஸ் மலைச்சாரலில் ஒருவர் அமர்ந்து தமிழ் வாக்கியங்களைச் செப்பனிட்ட காட்சியை நினைத்தால் வியப்பும் நன்றியும் ஒருங்கே எழுகின்றன. 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம், 1884இல் மருந்துப் பொருள்களை விளக்கும் இந்து பதார்த்த சாரம் என அடுத்தடுத்து நூல்கள் வெளிவந்தன. அவருடைய மேற்பார்வையில் வெளிப்போந்த தமிழ் வைத்திய நூற்பக்கங்களை ஒன்றாய்த் தொகுத்தால் 4,000 பக்கங்களுக்கு மேற்படும்.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், தாம் பிறந்த கிறீன் ஹில்லிலேயே அவர் காலமானார். தமது கல்லறையில் வேறு புகழுரை எதையும் பொறிக்க வேண்டாமென்றும், தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்த சமய ஊழியர் என்பதையே பொறிக்க வேண்டுமென்றும் அவர் விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்ணில் ஓர் அமெரிக்கரின் கல்லறை தமிழரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

விட்ட இடமும் தொட்ட இடமும்

மனுஷ சுகரணம் நியூயோர்க் பேராசிரியர் டால்ரன் எழுதிய நூலின் தமிழாக்கம். இதயம் சுருங்கி விரிவதும் இரத்தவோட்டமும் அத்தகைய நூல்களின் உயிர்நிலையான பகுதிகள். அது அச்சான அதே 1883ஆம் ஆண்டிலேதான் இதயத்தைப் பற்றிய அறிவு புதிய திருப்பம் ஒன்றைக் கண்டது. இலண்டனில் சிட்னி றிங்கர் என்னும் வைத்தியர் தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே உப்பு நீரில் துடிக்கச் செய்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாய் நீரிலே கரைத்த உப்பில் துடித்த இதயம் காய்ச்சி வடித்த தூய நீரிலே கரைத்த உப்பில் சோர்ந்து நின்றது. குழாய் நீரில் இயல்பாகவே கலந்திருந்த கல்சியமே துடிப்புக்கு இன்றியமையாதது என்று அவர் கண்டார். உரிய சூழலை அமைத்துக் கொடுத்தால் இதயத் தசை உடலுக்கு வெளியிலும் தன் தொழிலைச் செய்யும் என்னும் உண்மை இதனால் வலுப்பட்டது.

அந்த ஆராய்ச்சி வழி இன்று எங்கே வந்து நிற்கிறது? மாரடைப்பால் இறந்துபட்ட இதயத் தசைக் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை என்றே சொல்லலாம். இருபத்தைந்து வயதினருக்கு ஆண்டொன்றில் நூற்றுக்கு ஒன்று, எழுபத்தைந்து வயதினருக்கு அதனிற் பாதியளவு என்ற விகிதத்திலேயே அவை புதுப்பிக்கப்படுகின்றன என 2009இல் அறிஞர் அளந்து கூறினர். கலங்கள் இறந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு சுருங்காது, மின்சாரத்தையும் கடத்தாது. இதயத் துடிப்பென்பது கலத்திலிருந்து கலத்துக்கு ஓடும் மின்னலையால் ஆயிரமாயிரம் கலங்களும் ஒருங்கே சுருங்குவதுதானே. இடையில் தழும்பு குறுக்கிட்டால் அலை தடைப்படும்.

ஆகவே ஆய்வுகூடத்திலே புதிய இதயத் தசையை வளர்த்து ஒட்டுப்போட முடியுமா என்று ஆராய்கிறார்கள். கலங்கள் தங்கி வளர ஒரு மெத்தை வேண்டும். அதற்கு உகந்த பொருளை ஹைட்ரோஜெல் என்கின்றனர். நுங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். பெரும்பகுதியும் நீரே, ஆயினும் ஒழுகி ஓடாமல், மென்மையாய், தன் உருவத்தைத் தாங்கி நிற்கும். ஆய்வாளர் இத்தகைய நீர்க்களியைக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்றிலிருந்தோ, விலங்கின் தோலெலும்பிலிருந்து பெறும் ஜெலற்றினிலிருந்தோ ஆக்குகின்றனர். இதிலும் ஒரு குறை உண்டு. இந்நீர்க்களி மின்னலையைத் தசை கடத்துமாறு விரைந்து கடத்துவதில்லை. அதனுள் வளரும் கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் துடிக்கின்றன. தாளம் சேர்வதில்லை. இக்குறையைப் போக்க, 2011இல் நுண்ணிய பொற்கம்பிகளை அல்ஜினேற்றிற் கலந்து பார்த்தார்கள். 2013இல் காபனாலாகிய நுண்குழாய்களை ஜெலற்றினிற் கலந்தார்கள். காபன் கலந்த மெத்தையில் வளர்ந்த எலியின் இதயக் கலங்கள் மும்மடங்கு விரைவாய் ஒருமித்துத் துடித்தன. அவற்றைத் தூண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தமோ நூற்றுக்கு 85 பங்கு குறைந்தது. இம்முறை இன்னும் மனிதருக்கு வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலுமே பெரிதும் சோதிக்கப்படுகிறது. இவ்விரு ஆய்வுகளும் நடந்த இடம் எது என்றால், கிறீன் பிறந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலம்.

கிறீன் இன்றிருந்தால் இவ்வாராய்ச்சியைக் கேட்டு முதலில் என்ன செய்திருப்பார் என்பதை அவருடைய நூல்களே நமக்குக் கூறுகின்றன. தமிழில் இதற்குச் சொல் உண்டா என்று தேடியிருப்பார். நுங்கும் களியும் கூழும் அறிந்த ஊரிலே ஹைட்ரோஜெல்லுக்கு ஒரு சொல் அகப்படாமற் போகாது. அகப்படாதவிடத்து அப்பெயரையே எடுத்துக்கொண்டு, கெமிஸ்தம் போல் ஒரு சட்டை தைத்து, அடுத்த வாக்கியத்துக்குச் சென்றிருப்பார். சொல்லுக்காகக் காத்திருந்து நூலை எழுதாமல் விடுவது அவர் வழக்கமன்று.

அவர் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கிறந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. கெமிஸ்தம் இரசாயனவியல் ஆயிற்று. 1950களுக்குப் பின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் றொகுதிகளை வெளியிட்டது. பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் தமிழிலே கற்பிக்கப்படலாயிற்று. வைத்தியக் கல்வி மாத்திரம் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. மானிப்பாயிலிருந்து சில கல் தொலைவில், 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கியபோதும் போதனாமொழி ஆங்கிலமே. உலக அறிவோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கிலம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் கிறீன் 1864இல் கண்ட குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. மாரடைப்பு வந்த தந்தையை ஆஸ்பத்திரியிற் கிடத்திவிட்டு வெளியே நிற்கும் மகனுக்கு, அவர் இதயத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அவன் மொழியில் தெளிவாய்ச் சொல்லக்கூடிய வைத்தியர் தேவைப்படுகிறார். அவ்வாறு சொல்வதற்கு வைத்தியருக்கு நூலும் சொல்லும் தேவைப்படுகின்றன.

மானிப்பாயில் கிறீனின் பெயரைத் தாங்கிய வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. கவிஞர் அம்பி போன்றோர் அவர் வரலாற்றை ஆராய்ந்து நூலாக்கி மறதியினின்று மீட்டுத் தந்துள்ளனர். ஆசிரியப் பெருமக்கள் மாணவருக்கு நாவலரைக் கற்பிக்கும்போது, அதே ஆண்டிற் பிறந்த கிறீனையும் ஓரிரு வார்த்தைகளில் அறிமுகம் செய்தால் நன்று. விஞ்ஞானம் பயிலும் மாணவரோ அதற்கு மேலும் ஒரு படி செல்லலாம். தாம் ஆங்கிலத்திற் கற்றதொரு பகுதியைத் தம் தாய்க்கு விளங்கும் தமிழில் எழுதிப் பார்க்கலாம். கிறீனுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.